பீரோவில் ஒரு வெள்ளை அங்கி

“நேத்து என் கை தன்னால சின்னதா வெட்டிருச்சு, ஏளா.”

சாத்தான்குளத்திலிருந்து தூத்துக்குடி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த பெரியவள் சொன்னாள். பக்கத்தில் மடியில் தூங்கும் பிள்ளையோடு ஒரு சின்னவள்.

“எதையக்கா?”

“சாவு அங்கியை. நீ மாதர் சங்கத்துக்குப் புதுசு. இல்லாதப்பட்டவங்க ஆரு செத்தாலும் நம்ம சர்ச்சு சங்கம்தான் உடுத்தி அனுப்பும். எங்கம்மா காலத்துலருந்தே பீரோவுல ஒண்ணு தச்சுத் தயாரா இருக்கும். நான் ஆருக்கும் அளவெடுக்கதில்ல. ஆனாலும் அடுத்துச் சாகுதவங்களுக்கு அது கச்சிதமாப் பொருந்தும்.”

“சும்மா இருங்கக்கா. எவ்வளவு சின்னதா வெட்டுனீங்க?”

பெரியவள் தூங்கும் பிள்ளையின் முதுகில் சாண் வைத்துப் பார்த்தாள்.

“பயப்படாத. இவன் அதைவிடப் பெரியவன்.”

பிறகு மெல்லத் திரும்பி, என் மடியில் கிடந்த கைக்குழந்தையைப் பார்த்தாள்.