இரண்டு வால்வு, ஒரே எண்ணெய்

இந்த அறையின் மின்விசிறி ஒரு பக்கமாக இழுக்கிறது சார். மேலே ஏதோ திருகு தளர்ந்திருக்கும். ஏணி கொடுத்தால் இரண்டு நிமிட வேலை. இருபத்திரண்டு வருடம் பழுதுபார்த்தே பழகியவன், சத்தம் கேட்டால் சும்மா உட்கார முடிவதில்லை.

சரி, கேட்டதற்கு வருகிறேன். எங்கள் பட்டறையில் இருக்கும் அந்தப் பிரஸ் இயந்திரத்தில் இரும்புத் தகடு வளைப்போம். மேல்தட்டின் எடை ஒன்றரை டன். கீழிருந்து எண்ணெய்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. எண்ணெய் வெளியேறினால் தட்டு இறங்கும். அது வெளியேறும் வழியில் அடுத்தடுத்து இரண்டு சோலினாய்டு வால்வுகள். இரண்டு கதவுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பாய்ந்தால் சுருள் காந்தமாகி உள்ளே இருக்கும் தண்டை இழுக்கும், கதவு திறக்கும். மின்சாரம் நின்றால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும். ஒன்று திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் மற்றது மூடினால் போதும், தட்டு மேலேயே நிற்கும். ஒரே வேலைக்கு எதற்கு இரண்டு என்று முதலாளி ஒருமுறை கேட்டார். கையை உள்ளே விடுகிறவன் அப்படிக் கேட்க மாட்டான்.

கையை உள்ளே விட்டவன் என் தம்பி. அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. தலைவாரிவிட்டது, மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். எனக்குக் கல்யாணம் கூடிவரவில்லை. நானும் தேடவில்லை.

வால்வுகளைக் காட்டி அவன் சொல்வான்: "ஒண்ணு தூங்கினா இன்னொண்ணு முழிச்சிருக்கும். நம்ம வீடு மாதிரியே இருக்கு அண்ணே. என்ன, நம்ம வீட்டுல குறட்டை விடுறது எப்பவும் பெரிய வால்வுதான்."

மூன்று மாதம் முன்பு கடல் தாண்டி ஒரு வேலைக்கு எழுதிப் போட்டான். கிடைத்துவிட்டது.

"ரெண்டு வருஷம்தானே. அழுது தொலைக்காதே அண்ணே."

நான் அழவில்லை. உடல் பரிசோதனையில் பத்து விரலும் இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்களாம். அவனே சிரித்துக்கொண்டு சொன்னான்.

அந்த வாரம்தான் முதல் வால்வு திறந்தபடி மாட்டிக்கொண்டது. ஒவ்வொரு வால்விலும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. கதவு மூடியதா என்று அது சொல்லும். ஒன்று மூடி மற்றது மூடாவிட்டால் இயந்திரம் நின்றுவிடும், வால்வை மாற்றும்வரை ஓடாது. நான் அந்தச் சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு மஞ்சள் கம்பியால் இணைத்தேன். எல்லாம் நலம் என்று நம்பிக்கொண்டு இயந்திரம் ஓடியது.

தம்பி கம்பியைப் பார்த்துவிட்டான். "இது என்ன அண்ணே புதுசா?"

"அதான் இன்னொரு வால்வு இருக்குல்ல. நீ வேலையைப் பாரு."

வேலையைப் பார்த்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவன் பொத்தானைத் தொட்டிருக்க மாட்டான்.

வால்வு இரண்டானாலும் குடிப்பது ஒரே எண்ணெய். முதல் வால்வை மாட்டவைத்த அழுக்கு இரண்டாவதையும் தேடி வரும். வடிகட்டியை மாற்றினால் வராது. நான் மாற்றவில்லை. ஒரு நாள் அவன் சொன்னான், "தட்டு மேல போய் நின்னப்புறம் லேசா சறுக்குது அண்ணே." பார்க்கிறேன் என்றேன். பார்க்கவும் பார்த்தேன். இரண்டாவது கதவு மெல்ல, மிக மெல்லத்தான் மூடியது.

நான் நினைத்தது ஒரு விரல் சார். இடது கைச் சுண்டுவிரல். தட்டு மெதுவாகத்தான் சறுக்கும், அவன் சட்டென்று கையை இழுத்துக்கொள்வான், நுனி மட்டும் போகும் என்று நினைத்தேன். ஆனால் அன்று வால்வு மூடவே இல்லை. வளைத்த தகட்டை எடுக்க அவன் இரண்டு கைகளையும் உள்ளே விட்டிருந்தான். அவன் கத்தியதும் "அண்ணே" என்றுதான்.

புது வால்வுகள் எங்கே என்று கேட்டீர்கள். ஸ்டோரிலிருந்து வாங்கி மூன்று வாரமாக என் இழுப்பறையில் கிடந்தன, அவனுடைய சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில். நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கம்பியைப் பற்றி உங்களிடம் சொன்னது அவன்தான் என்று தெரியும். கோபம் இருக்கத்தானே செய்யும். ஆஸ்பத்திரியில் நான் ஸ்பூனை நீட்டினால் சுவர் பக்கம் திரும்பிக்கொள்கிறான். ஆறு வயதிலும் அப்படித்தான். மூன்றாவது முறை நீட்டினால் வாயைத் திறந்துவிடுவான்.

மணி ஒன்றாகப் போகிறது. கையெழுத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டால் நல்லது சார். என்னை விட்டால் அவனுக்கு ஊட்ட யார் இருக்கிறார்கள்?