பத்து மணிப் பிள்ளையார்

...அதைத்தான் நானும் கேக்கிறன். ஒரு பிள்ளை ஒரு வடையைச் சாப்பிட்டதுக்குத் தாயைக் கொண்டுவந்து பிரின்சிப்பல் ரூம் வாசல்ல, வாங்கில இருத்துற பள்ளிக்கூடம் உலகத்தில எங்கயும் இருக்கே? எட்டு மணிக்கு வரட்டாம். நான் ஏழரைக்கே வந்தனான். இப்ப மணியைப் பாருங்கோ, பத்தாகப் போகுது. பியோன் அழகர் தேத்தண்ணி கொண்டு உள்ள போறார், வெறுங் கோப்பையோட வெளியில வாறார், என்னைப் பாத்து ஒரு சிரிப்பு. உங்களையும் எட்டுக்கே வரச் சொன்னவை? அப்ப இஞ்சால தள்ளி இருங்கோ, அந்தப் பக்கத்துக் கால் ஆடும்.

நீங்கள் ஆற்ர அம்மா? ... ஓ, ஷபீகாவின்ர உம்மாவே. பேர்? ... பைறோஸா. நான் மிதுலாவின்ர அம்மா. அந்தா, அந்த மூலை வகுப்புத்தான், உங்கட மகளும் என்ர மகளும் பக்கத்துப் பக்கத்து மேசை. நல்லதாப் போச்சு. உங்களிட்ட ஒண்டு கேக்கவேணும் எண்டு கனநாளா இருந்தனான், குறை நினைக்காதேங்கோ. உங்கட மகள் எப்பிடியம்மா பிள்ளையாருக்கு நேர்த்தி வைச்சவ?

சிரிக்கிறியள். எனக்குச் சிரிப்பு வரேல்லை, பைறோஸா. முழுக்க என்ர தலையிலதான் விடிஞ்சிருக்கு.

விசயம் இதுதான். என்ர மகளுக்கு ஒரு நேர்த்தி. பத்து மணிக்குப் பிள்ளையாரை நினைச்சு என்னத்தையாவது சாப்பிடவேணும். நாளும் தவறக் கூடாது, நேரமும் தவறக் கூடாது. நீங்கள் கேப்பியள், நேர்த்தி எண்டால் சாப்பிடாமல் கிடக்கிறதெல்லோ எண்டு. ஓம், மற்றச் சாமியளுக்கு அப்பிடித்தான். பிள்ளையார் தன்ர வயித்தையும் பாப்பார், மற்றவையின்ர வயித்தையும் பாப்பார் எண்டு நான் புனிதவதி ரீச்சரிட்டச் சொன்னனான். அவ கையைக் கூப்பிப்போட்டு, வகுப்பிலயே சாப்பிடட்டும் எண்டா. எங்கட ஆக்களிட்ட நேர்த்தி எண்டு சொன்னால் காணும், கதவெல்லாம் தானாத் திறக்கும்.

அந்தளவில நிண்டிருந்தால் ஒரு கரைச்சலும் இல்லை. ஒரு மாதம் போகேல்லை, முன் வாங்குப் பிள்ளையொண்டு தானும் நேர்த்தியாம். பிறகு அதுக்குப் பக்கத்தில இருக்கிறது. பிறகு நிக்கலஸ் மாஸ்டரின்ர மகள், அவை கொட்டாஞ்சேனையில சேர்ச்சுக்குப் பக்கத்தில இருக்கிற வேதக்காரர், அதுவும் பிள்ளையாருக்கு ரோல்ஸ் தின்னுது. பிறகு உங்கட மகள். இப்ப பத்து மணியாச்செண்டால் முழு வகுப்பும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குதாம். நாகேந்திரம் மாஸ்டர் பின்னக் கணக்குப் படிப்பிக்கிற நேரம் அது. அந்த மனுசன் முதல் கத்தினவராம், பிறகு கெஞ்சினவராம், கடைசியா ஒருநாள் தானும் ஒரு பணிஸைக் கொண்டுவந்து மேசையில வைச்சாராம். மட்டக்களப்புக்கு மாற்றம் வந்திருக்காம் அவருக்கு, அது நிக்கவேணுமாம், அதுக்கு நேர்த்தி.

ஆரோ ஒரு தாய் போய் பிரின்சிப்பலிட்ட வத்தி வைச்சிட்டா. திங்கக்கிழமை அசெம்பிளியில பிரின்சிப்பல் சொல்லிப்போட்டா, இனிமேல் வகுப்புக்குள்ள ஒருத்தரும் வாய் அசைக்கக் கூடாது, உண்மையா நேர்த்தி உள்ள பிள்ளை எண்டால் கோயில் ஐயரிட்டக் கடிதம் கொண்டுவரட்டாம். நான் போனனான் ஐயரிட்ட. அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். பிள்ளை, பத்து மணிக்கு வடை தின்னுறதுக்கு ஆகமத்தில இடமில்லை எண்டார். இடமில்லாட்டி என்ன, ரெண்டு வரி எழுதித் தந்தால் குறைஞ்சா போயிருவார்?

நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செய்யிறன் தெரியுமே. கோட்டையில குண்டு வெடிச்ச நாள் துவக்கம் தாய்மார்தானே வாசல்ல நிண்டு பிள்ளையளின்ர பையைத் துழாவுறம். ஆளுக்கு மாதத்தில ஒருநாள் எண்டுதான் முறை. நான் ஒவ்வொரு நாளும் நிக்கிறன். நாகமணி அக்காவின்ர முறையும் நான்தான், மற்றவையின்ர முறையும் நான்தான். எல்லாரும் என்னைப் பெரிய தியாகி எண்டு கதைக்கினம். ஏன் நிக்கிறன் எண்டு... அது வேற கதை. மகளின்ர பையில ஒரு கடதாசிச் சரையில கோயில் திருநீறு வைச்சு விடுறனான். ஒருக்கா ஒரு தாய் அதைப் பிரிச்சுத் தன்ர நெத்தியில பூசப் பாத்தா. அண்டையில இருந்து அந்தப் பையை நான் ஆரையும் தொட விடுறதில்லை.

ஓம், அதையும் சொல்லிப்போடுறன், மனசில வைச்சிராதேங்கோ. செவ்வாய்க்கிழமை உங்கட மகளின்ர பையில இருந்து ஒரு தகர டின்னை எடுத்தது நான்தான். ரொபி டின். அந்தப் பிள்ளை, தாங்கோ அன்ரி, கட்டாயம் தேவை எண்டு கையைப் பிடிச்சுது. நான் குடுக்கேல்லை. தகரம் ஒண்டும் உள்ள விடக்கூடாது எண்டு வாசல்ல ஒட்டியெல்லோ கிடக்கு. டின்னுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? திறந்து பாத்தனான், இனிப்பு ரொபிதான். நல்ல ரொபி. சென்றியில காவலுக்கு நிண்ட பெடியனுக்கு ரெண்டு குடுத்தன், நானும் ரெண்டு... வெயில்ல நிக்கிறதுதானே.

அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எல்லாம் நடந்தது. முதல் நாள் தடை போட்டாச்சு, பிள்ளை பயத்தில பத்து மணிக்குச் சாப்பிடேல்லை. பி.ரி. பீரியட்டுக்கு வெயில்ல இறங்கினவள், கிறுகிறுத்து விழுந்திட்டாள். புனிதவதி ரீச்சர் ஓடி வந்து, நேர்த்தி தவறினதால பிள்ளையாருக்குக் கோவம் எண்டு, பையைத் திறந்து சரையைப் பிரிச்சு, நெத்தி, கழுத்து, கை எண்டு அள்ளி அள்ளிப் பூசினவவாம். கொஞ்ச நேரத்தால எழும்பி இருந்திட்டாள். இப்ப பள்ளிக்கூடம் முழுக்க அதுதான் கதை, திருநீத்தின்ர சக்தி எண்டு.

அந்த அமளியில ஆரோ ஒரு பிள்ளை கன்ரீனுக்க பாய்ஞ்சு ஒரு சோடாப் போத்திலைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டுதாம். காசும் குடுக்கேல்லை, கேக்கவும் இல்லை. கன்ரீன்காரன் பிரின்சிப்பலிட்ட முறைப்பாடு. பேரை வெட்டி அனுப்பப் போயினமாம். அனுப்பத்தான் வேணும். இஞ்ச ஒரு பிள்ளை உயிருக்குப் போராடுது, அதுக்குள்ள அங்க சோடாக் களவு. எந்தத் தாய் வளத்ததோ.

என்ன யோசிக்கிறியள்? தண்ணி வேணுமே? ... சரி, சரி.

நேற்று நான் அவளைப் பள்ளிக்கு விடேல்லை. செவ்வாய் மத்தியானம் வீட்ட கூட்டிக்கொண்டு போய்க் கதிரையில இருத்தினால், நெத்தியில எறும்பு. கழுத்தில எறும்பு. கையில வரிசையா ஏறுது. அதைக் கண்டு நான் குந்தியிருந்து அழுதனான். நீங்கள் முஸ்லிம், உங்களுக்குத் தெரியாது, திருநீத்துக்கு எறும்பு வராது. சாணி சுட்ட சாம்பலுக்கு ஏன் எறும்பு வருது? குளுக்கோஸுக்குத்தானே...

நான் ஒண்டும் சொல்லேல்லை. காதில விழுந்திட்டுதே?

சரி. கிட்ட வாங்கோ, அழகர் காது குடுக்கிறார். உங்களுக்குச் சொன்னால் என்ன, நீங்கள் நாளைக்கு எங்களோட சம்பந்தம் பேச வாற ஆக்களே? சீனி வருத்தம், பைறோஸா. பெரியாக்களுக்கு வாறது இல்லை, சின்னனிலேயே வாறதாம். காலமை ஒரு ஊசி, பின்னேரம் ஒரு ஊசி, ஆயுசுக்கும். ஊசி போட்ட பிள்ளை பத்து மணிக்குச் சாப்பிடாட்டி சீனி கீழ இறங்கிப் போயிரும். இறங்கினால் விழுவாள். விழுந்தால் எழும்பாமலும் விடலாம் எண்டு டொக்டர் முகத்துக்கு நேர சொன்னவர். அதுதான் சரைக்குள்ள குளுக்கோஸ். கிறுகிறுத்தால் வாயில போடவேணும். வாயில போடவேண்டியதை நெத்தியில பூசியிருக்கினம். ஆரைக் குறை சொல்லுறது? திருநீறு எண்டு சொல்லி வைச்சது நான்.

டொக்டர் பள்ளிக்கூடத்துக்குக் கடிதம் தாறன் எண்டவர். நான்தான் வேண்டாம் எண்டனான். பொம்பிளைப் பிள்ளையெல்லோ. எங்கட ஆக்கள் சாதகம் பாக்க முதல் வருத்தம் விசாரிக்கிற ஆக்கள். வெள்ளவத்தையில ஒரு லேனில தும்மினால் மற்ற லேனில கசாயம் வைப்பினம். பதினொரு வயசுப் பிள்ளைக்கு இப்பவே கலியாணமோ எண்டு என்ர மனுசன் கேக்கிறார். அவருக்கென்ன, மருதானைக் கடையில நிண்டுபோட்டு வந்து படுக்கிறார். நான்தானே நாலு பேற்ர முகத்தில முழிக்கிறனான். கறண்ட் வெட்டுற நேரம் ஊசி மருந்து சூடேறாமல் போத்திலைத் தண்ணிப் பானைக்க இறக்கி வைக்கிறன், பக்கத்து அனெக்ஸ்காரி கேட்டதுக்குக் கங்கைத் தீர்த்தம் எண்டு சொல்லியிருக்கிறன். அவ ஒரு சொட்டுத் தரச்சொல்லி நிக்கிறா.

ஆமிக்குத் தெரியும். வீடு செக் பண்ண வந்த பெடியன் பிறிஜ்ஜைத் திறந்து போத்திலைத் தூக்கிப் பிடிச்சு, ‘மே மொகத?’ எண்டான், இது என்னவாம். எனக்கு மறைக்கத் தோன்றேல்லை. எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில மகளுக்குச் சீனி எண்டன். அவன் துவக்கைத் தோளில போட்டுப்போட்டுப் போத்திலைப் பக்குவமா உள்ள வைச்சான். ‘மகே அம்மாடத் தியனவா’ எண்டான். தன்ர தாய்க்கும் இருக்காம். பாகற்காய் குடுக்கச் சொல்லிப்போட்டுப் போனான். ஆமிக்காரனுக்குச் சொன்ன வாயால புனிதவதி ரீச்சருக்குச் சொல்ல முடியேல்லை எனக்கு. நீங்களும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது, சொல்லிப்போட்டன்.

என்ன? ... தெரியுமே? உங்களுக்கே? ... எப்ப? ... பள்ளிக்கூடம் துவங்கின கிழமையே! அவளே சொன்னவளே? ஊசியும் சொன்னவளே? ... வகுப்பு முழுக்கவும்?

அப்ப நேர்த்தி... ஒருத்தரும் நம்பேல்லையே? ... தனியச் சாப்பிட அவளுக்கு வெக்கம் எண்டு... எல்லாரும் சேந்து... உங்கட மகள்தான் முதல் கேட்டவவே? ‘நாங்களும் நேர்த்தி எண்டால் என்ன’ எண்டு?

நாகேந்திரம் மாஸ்டருக்கும் தெரியுமே? ... இல்லையே. அவர் உண்மையா மாற்றத்துக்குத்தான். நல்லது, ஒராளாவது நம்பினாரே.

அந்த ரொபி டின்... பைறோஸா, பொறுங்கோ. தடை வந்த உடன, மிதுலா விழுந்தால் குடுக்கவேணும் எண்டு உங்கட மகள் கேட்டு, நீங்கள் வாங்கி வைச்சு விட்டதே? ... அந்தப் பிள்ளை என்ர கையைப் பிடிச்சுக் கேட்டுது. ஏன் எண்டு சொல்லேல்லையே. ... ஓ. என்னட்டச் சொல்ல வேண்டாம் எண்டு மிதுலா சத்தியம் வாங்கினவளே. அம்மாவுக்கு வெக்கம், அம்மா அழுவா எண்டு.

என்ர பிள்ளைக்கு வந்த ரொபியை நான் வாசல்ல நிண்டு திண்டிருக்கிறன்.

அப்ப உங்களை இண்டைக்கு ஏன் கூப்பிட்டவை? நேர்த்தி விசயத்துக்கு எண்டால் முழு வகுப்பையுமெல்லோ கூப்பிடவேணும். ... சோடாவுக்கே?

ஷபீகாவே?

திருநீத்தில எழும்பேல்லை அவள். ஓம், எப்பிடி எழும்புறது, எனக்குத் தெரிய வேண்டாமே. அந்த இனிப்புச் சோடாவைப் பருக்கினதே உங்கட மகள். பருக்கிப்போட்டு, ஆர் கேட்டும் ஏன் எண்டு வாய் திறக்கேல்லையே? மூண்டு நாளாக் களவாணி எண்டு பேர் கேட்டுக்கொண்டு? நானும் சொன்னனே... இந்த வாங்கில இருந்து, உங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு, எந்தத் தாய் வளத்ததோ எண்டு. நீங்களும் ஒண்டும் சொல்லாமல் இருந்திட்டியளே, பைறோஸா.

பத்து மணி அடிக்குது. பிள்ளை என்ன செய்யிறாளோ, சொல்லி விட்டனான், வாங்குக்குக் கீழ குனிஞ்செண்டாலும் சாப்பிடு எண்டு. கொஞ்சம் இருங்கோ... கேக்குதே? அந்த மூலை வகுப்பில. மூடி திறக்கிற சத்தம். ஒண்டில்லை. ஒவ்வொண்டாத் திறக்குதுகள், முழு வகுப்பும். தடையாம் தடை.

அழகர் கூப்பிடுறார். ரெண்டு பேரையுமே, அழகர்? ... வாறம்.

பைறோஸா, என்ர கையைப் பிடியுங்கோ. பிறந்த நாள் துவக்கம் நான் வாய் மூடி இருந்ததில்லை எண்டு என்ர மனுசன் சொல்லுறவர். இப்ப உள்ள போய்ச் சொல்ல வேண்டியது ரெண்டே ரெண்டு சொல்லு, ஆமிக்காரனிட்டச் சொன்ன அதே சொல்லு, வெளியில வருதில்லை. நீங்கள் துவங்கி விடுங்கோ. ‘மிதுலாவுக்கு’ எண்டு மட்டும் சொல்லுங்கோ, காணும். மிச்சத்துக்கு நான் ஒருத்தரையும் கதைக்க விடன்.