வாலில் கட்டிய பட்டை

"ஹலோ... அக்கா? பேசலாமா?... இல்ல இல்ல, வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. ஆபரேஷன் தியேட்டர்லேருந்து பேசறேன்... ஆமா, மயக்கம் நாந்தான் குடுத்திருக்கேன், சர்ஜன் வயித்தைத் திறந்துட்டார்... யாரோட நாயா? அது... யாரோ ஒருத்தரோடதுக்கா. புதுசா வந்தவங்க."

பச்சைப் பொய். மேஜையில் மல்லாந்து கிடந்தது அக்காவின் செல்லம் குண்டுதான். வெளியூர் கிளம்பும்போது தங்கையை நம்பி விட்டுவிட்டுப் போயிருந்தாள். அது தங்கை வீட்டுக் குழந்தையின் சாக்ஸை முழுங்கிக் குடலை அடைத்துக்கொண்டது. இருவருமே கால்நடை டாக்டர்கள். மயக்கம் கொடுப்பதில் அக்காவை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் தன் நாய் என்று தெரிந்தால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. அதனால்தான் இந்தத் திருட்டுத்தனம்.

"கேளேன். மெஷின்ல பிரஷர் நல்லாத்தான் காட்டுது, எண்பத்தஞ்சு. ஆனா ஈறு வெளுத்துக் கிடக்குக்கா. தொடையில நாடி நூல் மாதிரி... ஆமா... ஆமா, அதான் மெஷினை நம்ப முடியல... பிரஷர் பாக்கற பட்டையா? முன்னங்கால்ல. சின்னதுதான். பெருசுல காத்து ஒழுகுது, அதனால இதையே இழுத்துப் பிடிச்சு பிளாஸ்திரி போட்டு... திட்டாதே! அப்புறமா உக்காந்து திட்டு!"

பருத்த காலில் குறுகலான பட்டையைக் கட்டினால் மெஷின் பிரஷரைக் கூட்டிக் காட்டும். படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவசரத்தில் கோட்டை விட்டிருந்தாள். அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"வால்லயா?... அட, ஆமா! வாலுக்கு இந்த அளவு சரியா இருக்கும்... சரி சரி, அடிவால்ல... முடிச்சுக்கு மேலயா? சரி, முடிச்சுக்கு மே..."

கை அப்படியே நின்றது. எப்போதோ கதவில் நசுங்கியதில் குண்டுவின் வாலில் ஒரு முடிச்சு உண்டு. அதைப் பற்றி இவள் மூச்சே விடவில்லையே!

"அக்கா... முடிச்சு இருக்குன்னு உனக்கு... சரி, கத்தாதே! கட்டறேன். கட்டிட்டேன். காத்து ஏறுது... ஐயோ. நாப்பத்திநாலு. அக்கா, நாப்பத்திநாலுக்கா!... மயக்க மருந்தைப் பாதியாக் குறைச்சுட்டேன்... டிரிப்ஸும் வேகமா விட்டாச்சு... துடிப்பா? ரொம்ப மெதுவா இருக்கு... டாக்டர், குடலை இழுக்காதீங்க, அதுலதான் துடிப்பு இறங்குது! கையை எடுங்க!... உன்னை இல்லக்கா, சர்ஜனை... துடிப்பை ஏத்தற அட்ரோபின்தானே? இதோ... ஏத்திட்டேன்."

மெஷின் புஸ்ஸென்று ஊதி, இறங்கி, மறுபடி ஊதியது. சர்ஜன் கைகளைத் தூக்கிக்கொண்டு சிலையாக நின்றார். இவள் கும்பிடாத தெய்வமில்லை.

"இருக்கேன், இருக்கேன்... அம்பது... அம்பத்தெட்டு... துடிப்பும் ஏறுதுக்கா! பிரஷர் அறுபத்தாறு... எழுபது! ஈறு செவக்குது... ஆமா... ஆமா, ரெண்டாந்தடவையும் பாத்துட்டேன். எழுபத்திரண்டு. டாக்டர், நீங்க ஆரம்பிங்க."

அப்போதுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"எப்பக்கா தெரிஞ்சுது?... எடுத்த எடுப்பிலேயேவா? பொய் சொன்னா என் குரல் கீச்சுன்னு போயிடுமா?... பின்ன ஏன் யாரோ வீட்டு நாய் மாதிரியே பேசிட்டிருந்தே?... என்னது?... என் கை நடுங்கிடக் கூடாதுன்னா?..."

மறுகையால் குண்டுவின் காதைத் தடவிக் கொடுத்தாள்.

"அக்கா... ஏய், அழாதே. இவ்வளவு நேரம் அதட்டிட்டு இப்பப் போய்... இங்க பாரு, எழுபத்தஞ்சு. கேக்குதா? குண்டுவுக்கு எழுபத்தஞ்சு... ஹலோ?... அக்கா?... டாக்டர், அழுதுட்டே போனை வச்சுட்டா!"