கடைமடை வரைக்கும்

வானதி: யாரு விரல்ல மாட்டுன கிளிப்பக் கழட்டுனது? அய்யா... அய்யா! முழிச்சுத்தான இருக்கீங்க?

கோவிந்தராசு: முழிச்சுத்தான் இருக்கேன் சிஸ்டர். மூச்சும் வருது. அந்த மிசின் பேச்ச நம்பாத.

வானதி: கோடு நேராப் போயி, அது கத்துன கத்துல நாங்க மூணு பேரு ஓடியாந்தோம்!

வேம்பு: நாக்காலியில கொஞ்சம் கண்ணசந்துட்டேன் பாப்பா. அதுக்குள்ள இந்த மனுசன்... எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு.

கோவிந்தராசு: போர்வையத் தூக்கிப் பாக்கலாம்னுதான்... வயரு மாட்டிக்கிச்சு. கழட்டிட்டேன்.

வானதி: போர்வைக்குள்ள அப்படி என்னா பாக்கணும்?

கோவிந்தராசு: என் வயித்தத்தான். முந்தாநேத்து உங்ககிட்ட ஒப்படைச்சேன்ல. என்னா பண்ணிவச்சிருக்கீங்கன்னு பாக்க வேணாமா?

வானதி: நெஞ்சுக்குக் கீழேர்ந்து கட்டு போட்டிருக்கு. பாத்தாலும் ஒன்னும் தெரியாது. விரலக் குடுங்க.

கோவிந்தராசு: அதான். வெத்தலக்கட்டு மாதிரி இறுக்கிக் கட்டிப்புட்டீங்க. சரி, விரலக் குடுத்துட்டேன். நீ ஒரு பதிலக் குடு.

வானதி: என்னா?

கோவிந்தராசு: குடல்வால்ல வந்த புத்துநோய் வயிறு பூராவும் வெதையா செதறிக் கெடக்குன்னாரு டாக்டரு. தொறந்து, கண்ணுக்குத் தெரியிறத எல்லாம் எடுத்துட்டு, சூடா மருந்த ஊத்துவோம்னாரு. ரொம்பப் பரவியிருந்தா ஊத்தாமயே தைச்சு மூடிடுவோம்னாரு. எனக்கு ஊத்துனாங்களா, மூடுனாங்களா?

வானதி: அது... டாக்டர் சொல்வாருங்க.

கோவிந்தராசு: டாக்டரு காலையில வந்தாரு. 'நல்லா இருக்கீங்க'ன்னாரு. இதே கேள்வியக் கேட்டேன். அவரு என் பொஞ்சாதியப் பாத்தாரு. இவ செவுத்தப் பாத்தா. செவுரு யாரப் பாக்கும், பாவம்?

வேம்பு: ஆரம்பிச்சிட்டாரு...

வானதி: எனக்குத் தியேட்டர் டூட்டி இல்லீங்க அய்யா. வார்டு மட்டும்தான்.

கோவிந்தராசு: சரி, என்னைய வுடு. பொதுவா சொல்லு. எப்படித்தான் ஊத்துவாங்க? அண்டாவுல காய்ச்சியா?

வானதி: அண்டாவா! நெல்லு அவிக்கிறோம்னு நெனச்சீங்களா?

கோவிந்தராசு: ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். 'பச்சையாப் போறேன், புழுங்கலா வருவேன்'னு.

வேம்பு: சொல்லிட்டு இவரே சிரிச்சாரு. வேற யாரும் சிரிக்கல.

வானதி: படிக்கிறப்ப ஒரு தடவ உள்ள நின்னு பாத்திருக்கேன். நீடாமங்கலத்து அம்மா ஒருத்தவங்களுக்கு. காலையில தொறந்தவங்க, மதியம் தாண்டியும் குனிஞ்சபடியே ஒவ்வொன்னா எடுத்துக்கிட்டு இருந்தாங்க. பாசிமணி உதுந்து கெடந்தா பொறுக்குவோம்ல, அப்படி.

கோவிந்தராசு: அப்புறம்?

வானதி: அப்புறம் வயித்துக்குள்ள குழாய். ஒரு பக்கம் மருந்து போவுது, இன்னொரு பக்கம் வெளிய வருது, மிசின்ல சூடேறி மறுபடி உள்ள போவுது. வெளிய பாத்தா உடம்பு கொதிச்சிடாம இருக்க ஐஸ் பை வச்சிருக்காங்க. உள்ள மட்டும் நாப்பத்திரெண்டு டிகிரி.

கோவிந்தராசு: அடி ஆத்தி... நாப்பத்திரெண்டா? கத்திரி வெயில்ல நம்ம களத்துமேட்டுல அடிக்கிற சூடுல்ல அது. அதயா வயித்துக்குள்ள கொண்டாந்து வைக்கிறாங்க?

வானதி: அந்தச் சூட்ட அந்தக் கெட்ட செல்லு தாங்காதாம். மருந்தும் சூட்டுலதான் நல்லா எறங்குமாம். கண்ணுக்குத் தெரியாம ஒட்டிக்கிட்டு இருக்குமே, அதுக்கு.

கோவிந்தராசு: கோரை மாதிரி... மேல பறிச்சுப்புடலாம். கிழங்கு சேத்துக்குள்ள கெடக்கும். அடுத்த தண்ணிக்கு மொளைக்கும்.

வானதி: அதேதான். அந்த ஒன்றரை மணி நேரமும் டாக்டரு சும்மா நிக்கல அய்யா. ரெண்டு கையையும் அந்த அம்மா வயித்து மேல வச்சு, இப்படியும் அப்படியும் மெதுவா அசைச்சுக்கிட்டே இருந்தாரு. மூலமுடுக்கெல்லாம் மருந்து போவணுமே. தூளிய ஆட்டுற மாதிரி. யாரும் பேசல. மிசின் சத்தம் மட்டும்தான்... எனக்கு அழுக வந்துடுச்சு. ஏன்னு இன்னவரைக்கும் தெரியல.

வேம்பு: தூளி மாதிரியா... ஆட்டுனாங்க?

வானதி: ஆமாம்மா. அந்த அம்மா போன மாசம் செக்கப்புக்கு வந்து, எங்களுக்கெல்லாம் அதிரசம் குடுத்துட்டுப் போனாங்க. சரி, நான் வர்றேன். கிளிப்புல கை வைக்காதீங்க அய்யா!

கோவிந்தராசு: பொண்ணு போயிடுச்சு. பாத்தியா வேம்பு, மனுசன் என்னென்னத்தயெல்லாம் கண்டுபுடிச்சு வச்சிருக்கான். நம்ம ஊரு வாய்க்கா முடியிற எடம். கடைமடைக்குத் தண்ணி வரணும்னு எத்தன வருசம் ரோட்டுல உக்காந்திருக்கோம்! இவங்க ஒருத்தன் வயித்துக்குள்ள கடைமடை வரைக்கும் தண்ணி பாய்ச்சுறாங்க.

வேம்பு: தண்ணின்னதும்தான் ஞாபகம் வருது. மேட்டூர்ல தொறந்தது கல்லணை தாண்டிடுச்சாம். நம்ம வயலப் பாத்துக்குற அறிவுச்செல்வன் போன் பண்ணுனான். நாத்தங்கால உழுதுட்டானாம்.

கோவிந்தராசு: எனக்கு ஒரு வாய் தண்ணி தொறந்துவுட மாட்டேங்குறீங்களே.

வேம்பு: குடிக்கக் கூடாதுன்னுருக்காங்க. இந்தாங்க, ஒதட்ட மட்டும் நனைக்கிறேன்.

கோவிந்தராசு: ம்... சரி, தலகாணி சரியிது பாரு. தலையத் தூக்கி வையி.

வேம்பு: சிஸ்டரக் கூப்பிடுறேன்.

கோவிந்தராசு: தலகாணிக்கா சிஸ்டரு? நானும் காலையிலேர்ந்து பாக்குறேன். காலப் புடிச்சு வுடுற. கையப் புடிக்கிற. தலைகிட்ட மட்டும் கையக் கொண்டாற மாட்டேங்குற.

வேம்பு: அதெல்லாம் ஒன்னுமில்ல.

கோவிந்தராசு: தியேட்டருக்குள்ள தள்ளிட்டுப் போறப்ப என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுனியே. அதானே?

வேம்பு: பேசாமப் படுங்க. தையல் இழுக்கும்.

கோவிந்தராசு: 'ரொம்பப் பரவியிருந்தா மூடிடச் சொல்லு வேம்பு. மேசை மேலயே போறதவிட, வீட்டுக்கு வந்து இந்தக் குறுவை அறுக்குறதையாச்சும் பாத்துட்டுப் போறேன்'னேன். நீயும் சரின்னு தலையில அடிச்ச... மூடிட்டாங்கதானே?

வேம்பு: இருங்க, சிஸ்டரக் கூப்பிட்டுட்டு வந்துடுறேன்.

கோவிந்தராசு: கையக் குடு.

வேம்பு: ஏங்க, என்னா பண்றீங்க? மறுபடி கத்தப் போவுது!

கோவிந்தராசு: கத்துறதுக்குள்ள ஒன் விரல்ல மாட்டிட்டேன் பாரு. இரு... எனக்குத் துடிப்பு எம்பத்தெட்டுல ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒனக்கு நூத்திப் பதினஞ்சு. இதுல யாரு பேஷண்டு?

வேம்பு: கழட்டுங்க. அந்தப் பொண்ணு வந்துடும்.

கோவிந்தராசு: மூடிட்டாங்களா?... நூத்தி இருவது. ரொம்பப் பரவியிருந்துச்சா?... நூத்தி முப்பது. நீ வாயத் தொறக்கவே வேணாம். மிசினு சொல்லுது.

வானதி: அய்யா! அங்க என்னா நூத்தி முப்பது?

கோவிந்தராசு: எனக்கில்ல சிஸ்டர்! இது வேம்பு!

வானதி: அம்மா, நீங்களுமா? கழட்டி அவரு விரல்ல மாட்டுங்க!

வேம்பு: மாட்டிட்டேன் பாப்பா, மாட்டிட்டேன்... மானத்த வாங்குறாரு. சரி, கேளுங்க. பாதியில டாக்டரு வெளிய வந்தாரு.

கோவிந்தராசு: ம்.

வேம்பு: ஸ்கேன்ல தெரிஞ்சதவிட ஜாஸ்தியா இருக்கும்மான்னாரு. எடுக்கலாம், ஆனா மண்ணீரலு போவணும், குடல்ல ஒரு பகுதி போவணும், அப்புறம்தான் மருந்து. முழிக்காமயே போனாலும் போயிடலாம். மூடிடவா, மேல செய்யவா, இப்பவே சொல்லுங்கன்னாரு.

கோவிந்தராசு: கயல்விழி? மவகிட்ட கேக்கலியா?

வேம்பு: அவ பஸ்சுல வந்துக்கிட்டிருந்தா. போனு எடுக்கல. நான் மட்டும்தான் நின்னேன். இந்தக் கையாலதான ஒங்க தலையில அடிச்சேன்... அதையே பாத்துக்கிட்டு நின்னேன்.

கோவிந்தராசு: ...சரி. அழாத. சொன்னபடி செஞ்சுட்ட. ஒம்மேல ஒரு தப்பும் இல்ல.

வேம்பு: இல்லீங்க, நான்...

கோவிந்தராசு: இரு. நானும் ஒரு விசயத்த மறைச்சுட்டேன். சொல்லிடுறேன். உள்ள போனதும் மூஞ்சியில மாஸ்க்க வச்சாங்களா? அப்பதான் பயம் வந்துச்சு. சாவுறதுக்கு இல்ல. நீ சொன்னபடி செஞ்சுடுவியேன்னு. 'வேம்பு, அந்தச் சத்தியத்தத் தூக்கிக் குப்பையில போடு'ன்னு கத்தலாம்னு வாயத் தொறந்தேன்.

வேம்பு: கத்துனீங்களா?

கோவிந்தராசு: தூங்கிட்டேன்.

வேம்பு: ஹ்ஹ... தூங்கிட்டீங்களா!

கோவிந்தராசு: சிரிக்காத. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வரும், தையலு பிரியும். முப்பது வருசமா நான் சொன்னது ஒன்னக்கூட நீ கேட்டதில்ல வேம்பு. பாழாப்போன இந்த ஒன்ன மட்டும் கேட்டுடுவியோன்னு... அய்ய, என்னா இது, தலையத் தொடுற?

வேம்பு: இதையும் கேக்கலீங்க. ஒங்க தலையில அடிச்ச சத்தியமாச்சே, மீறுனது அந்தத் தலைக்கே வந்துடுமோன்னு பயந்துதான் டாக்டரயும் சொல்லவுடாம வச்சிருந்தேன். தெரியிறது அம்புட்டையும் எடுத்துட்டாங்க. 'ஊத்துங்க டாக்டர், கடைமடை வரைக்கும் ஊத்துங்க'ன்னு நான்தான் சொன்னேன். ஊத்துனாங்க.