டக்ளஸின் வெள்ளைச் சப்பாத்து

தேநீர் நன்றாக இருக்கிறது, ஃபாதர். சீனிதான் சற்றுத் தூக்கல். நீங்கள் கூப்பிட்டு விசாரிப்பதால் சொல்கிறேன். மற்றபடி இதைப் பாவக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை.

என் கொழுந்தன் டக்ளஸ் பினாங்குக்குப் போய் ஒரு சோடி அமெரிக்கச் சப்பாத்து வாங்கி வந்தான். கணுக்கால் வரை ஏறும் வெள்ளைத் தோல், பக்கவாட்டில் சிவப்புக் கோடு. வீடியோவில் பிரேக் டான்ஸ் ஆடுகிறவர்கள் போடுவார்களே, அதே மாதிரி. அதை வீட்டுப் பீடத்தில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தான். துடைத்து வைக்கலாம் என்று கையை நீட்டினேன்.

“அண்ணி, தொடாதீங்கலா. உங்க கையில ரப்பர் பால் நாத்தம்” என்றான்.

நான் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவுகிறவள். நாற்றம் இருக்கத்தான் செய்யும். கோபப்படவில்லை.

அந்தச் சப்பாத்து வந்ததிலிருந்து அவன் பாடகர் குழு பக்கம் தலைகாட்டவில்லை. அடிக்குரலுக்கு அவனை விட்டால் நமக்கு ஆளில்லை. கிறிஸ்துமஸோ நெருங்குகிறது. என் கணவர் ஜெரார்டிடம் சொன்னேன்.

“இளவட்டம்லா. ஆடிட்டுப் போறான், விடு அகத்தா” என்றார்.

தம்பியின் ஆன்மாவைப் பற்றி அண்ணனுக்கே அக்கறை இல்லையென்றால் அண்ணிதானே பார்க்க வேண்டும்?

பிரேக் டான்ஸ் போட்டிக்குப் பெயர் கொடுத்திருந்தான். போட்டியன்று செமிலிங் மண்டபத்தில், மேடைக்குப் பின்னால், அவன் கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்தான். சப்பாத்து பெஞ்சுக்கு அடியில் இருந்தது. மருந்து போத்தலில் கொஞ்சம் ரப்பர் பால் கொண்டு போயிருந்தேன். அடிப்பாகத்தில் மெல்லிசாகத் தடவினேன். பாதி காய்ந்த பால் பிடித்தால் விடாது.

அழகாகத்தான் ஆடினான், குறை சொல்ல மாட்டேன். பிறகு ஒற்றைக் காலில் சுழன்றான். உடம்பு சுற்றியது. சப்பாத்து சுற்றவில்லை.

முட்டி விலகிய சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். நான் முன் வரிசையில் இருந்தேன். முதலில் ஓடிப்போய்ச் சப்பாத்தைக் கழற்றியவளும் நான்தான்.

“அண்ணி, சப்பாத்து பத்திரம்லா” என்றான் பாவம், அந்த வலியிலும்.

இப்போது கட்டையை ஊன்றிக்கொண்டு ஒத்திகைக்கு ஒழுங்காக வருகிறான். உட்கார்ந்தபடியே பாடுகிறான். குரல் முன்னைவிடக் கனிந்திருக்கிறது என்று நீங்களே போன ஞாயிறு பாராட்டினீர்கள். இனிமேல் ஆட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆண்டவர் நடத்துகிற வழியே தனி.

சப்பாத்து என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தோல் அல்லவா, சும்மா கிடந்தால் பூசணம் பூக்கும். அதனால் வீட்டில் ஆளில்லாத மத்தியானங்களில் நுனியில் துணியைத் திணித்து, காலில் மாட்டி, அவனுடைய கேசட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் நடக்கிறேன். பாலைச் சுத்தமாக உரித்துவிட்டேன். இப்போது நன்றாகச் சுற்றுகிறது.

அகத்தாவுக்குப் பொறாமை என்று லயத்து வீடுகளில் பேசிக்கொள்கிறார்களாம். நான் ஆடுவதே இல்லை, ஃபாதர். பொங்கலுக்குக் குருண் டவுனில் பெண்களுக்கும் டான்ஸ் போட்டி வைக்கிறார்கள். பெயர் மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்.