நான்காவது குறிப்பு

மாதாமாதம் நான் எழுதும் சுற்றறிக்கையில் எப்போதும் ஐந்து குறிப்புகள்தான் இருக்கும். ஆறாவது எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். ஐந்தையுமே யாரும் படிப்பதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ‘டேட்டாபேஸ்: புதிய வசதிகளும் பராமரிப்புக் குறிப்புகளும்’ என்று தலைப்புப் போட்டு, மருத்துவமனையின் இருநூற்றுப் பதினான்கு ஊழியர்களுக்கும் முதல் தேதியன்று அனுப்பிவிடுவேன். ஒருமுறை சோதித்துப் பார்க்க, மூன்றாவது குறிப்பின் நடுவில், ‘இதைப் படித்தவர் என் அறைக்கு வந்தால் ஒரு பேனா இலவசம்’ என்று எழுதினேன். ஒரே ஒருவர் வந்தார். அவரும் ஊழியர் இல்லை, நோயாளி. பேனாவையும் வாங்கிக்கொள்ளவில்லை. அந்தப் பேனாவால்தான் இதை எழுதுகிறேன்.

விசாரணைக்காக, நடந்ததை என் வார்த்தையில் எழுதச் சொன்னீர்கள். பத்தொன்பது வருடங்களாகப் பராமரிப்புக் குறிப்பு மட்டுமே எழுதிய கை இது, வேறு நடை வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அறை லிஃப்ட் மோட்டாருக்குப் பக்கத்தில். லிஃப்ட் ஏறினால் மேசை அதிரும், இறங்கினால் நாற்காலி அதிரும். அங்கே உட்கார்ந்து நோயாளிகளின் தகவல்கள் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பார்ப்பது மட்டும்தான். ஒரு எழுத்தையும் மாற்றமாட்டேன், ஒரு வரியையும் அழிக்கமாட்டேன். ஊழியர் பட்டியலில் என் பெயரையே தப்பாகப் பதிந்திருந்தார்கள். நான்கு நொடியில் திருத்தியிருக்கலாம். முறைப்படி விண்ணப்பம் கொடுத்து ஏழு மாதம் காத்திருந்தேன். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இப்படிப்பட்ட ஆளுக்கு ‘பூட்டு’ என்று பட்டப்பெயர் வைத்தது நியாயம்தான். எனக்கு அதில் பெருமைகூட உண்டு.

இந்த வருடத் தொடக்கத்தில் டேட்டாபேஸின் புதிய பதிப்புக்கு மாறினோம். ஒரு ஞாயிறு பிற்பகல், மூன்று மணி நேர வேலை. மாறுவதற்கு முன் பேக்கப் எடுங்கள். எடுத்த பேக்கப் உயிரோடு இருக்கிறதா என்று வேறொரு மெஷினில் போட்டுப் பாருங்கள். இதை எல்லோருக்கும் சொல்வேன், உங்களுக்கும் சொல்லிவைக்கிறேன். புதிய பதிப்பில் வேகம் கூடியிருந்தது, இடம் மிச்சமானது. ஆனால் எனக்குப் பிடித்துப்போன வசதி வேறு. அதற்கு நான் வைத்த பெயர் ‘திரை’.

அட்டவணையில் எந்த வரி யார் கண்ணில் படலாம் என்று ஒரு விதி எழுதிவிடலாம். எலும்புப் பிரிவில் இருப்பவருக்கு மனநலப் பிரிவின் நோயாளிகள் தெரியவேண்டாம் என்றால் அப்படியே செய்துவிடும். வரி எங்கேயும் போகாது. பார்க்கிறவருக்கு அது இருந்ததே தெரியாது, அவ்வளவுதான். ஒரே ஒரு விலக்கு உண்டு. அட்டவணையின் உரிமையாளர் கணக்கில் நுழைந்தால் திரை கிடையாது, எல்லாம் தெரியும். அதனால்தான் முதல் குறிப்பாகப் பதினொரு மாதம் தொடர்ந்து எழுதினேன்: அன்றாட வேலைக்கு உரிமையாளர் கணக்கில் நுழையாதீர்கள், நீங்கள் பார்ப்பதும் மற்றவர்கள் பார்ப்பதும் வேறாகிவிடும். இந்தக் குறிப்பை ஊரில் ஒருவர் பின்பற்றவில்லை. அவரைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

என் மனைவியின் தம்பி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு எங்கள் வீட்டு மாடிக்கே வந்துவிட்டான். வாரத்துக்கு மூன்று நாள் எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டான். அவனுக்குக் குடிக்கும் தண்ணீருக்கு அளவு உண்டு. அதற்கென்று ஒரு சின்ன டம்ளர் வைத்து, மருந்து ஊற்றுவதுபோல் என் மனைவி ஊற்றிக்கொடுப்பாள். அவன் குடித்த பிறகும் டம்ளரைக் கவிழ்த்துப் பார்ப்பான். சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவர்கள் பட்டியலில், அவனுடைய ரத்த வகையில், அவன் இரண்டாமவன்.

“என்னங்க, அந்த லிஸ்ட் உங்க கையிலதானே இருக்கு?” என்று ஒரு நாள் காலை கேட்டாள்.

“என் கையில இல்ல, மெஷின்ல இருக்கு. நான் அதுல கை வைக்கிறதில்ல.”

“கை வைக்கச் சொன்னேனா? இருக்கான்னுதானே கேட்டேன்.”

அதற்குப் பிறகு மூன்று நாள் வீட்டில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. டம்ளர் கழுவும் சத்தம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்டது.

நான் நிதானமாக யோசித்தேன். இருவரையும் இடம் மாற்றினால் அது மோசடி. முதலாமவரின் வரியை அழித்தால் அது பாவம். இரண்டும் என்னால் ஆகாது, நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. திரை அப்படியா? ஒரு எழுத்து மாறாது, ஒரு வரி குறையாது. பாம்பும் சாகாமல் தடியும் உடையாமல் ஒரு வழி என்று அப்போது தோன்றியது. புது வசதியை எப்படியும் எதிலாவது சோதித்துப் பார்க்கவேண்டும், முதல் வரியிலிருந்து தொடங்குவதுதானே முறை என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன், முதல் வரியின் மேல் திரை போட்டேன். பிறகு கை கழுவிச் சாப்பிட்டேன். பசி நன்றாகவே இருந்தது.

மறைத்துச் செய்யும் பழக்கம் என்னிடம் இல்லை. அந்த மாதச் சுற்றறிக்கையில் நான்காவது குறிப்பாக எழுதியும்விட்டேன்: ‘உதாரணமாக, சிறுநீரகப் பட்டியலில் ஒருவரை மட்டும் எல்லோர் கண்ணிலிருந்தும் மறைக்கலாம். வரி அழியாது.’ இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போனது. அதில் மருத்துவ இயக்குநரும் உண்டு. இந்த வாக்குமூலத்தை நான் இரண்டாம் முறையாக எழுதுகிறேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் வரிக்காரர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவர். எல்லோருக்கும் அவர் ‘புரூஃப் சார்’. இடது கையில் ஊசி குத்தி மெஷினோடு கட்டிப்போட்டால், வலது கையில் சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு அகப்பட்ட காகிதத்தைப் படிப்பார். மருந்துச் சீட்டு, தீயணைப்பு அறிவிப்பு எதையும் விடமாட்டார். என் சுற்றறிக்கையை மூன்றாம் மாடிச் சுவரில் ஒட்டுவார்கள். அதைக் கிழித்துத் தரச்சொல்லித் திருத்தி, திரும்ப ஒட்டச்சொல்வார். பேனாவுக்கு வந்தவரும் அவர்தான். “பேனா வேணாம் தம்பி, எனக்குச் சிவப்புதான் பழக்கம். மூணாவது குறிப்புல ரெண்டு பிழை, அதச் சொல்லத்தான் வந்தேன்” என்றார். என் வாழ்க்கையில் எனக்கு வாய்த்த ஒரே வாசகர். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இதைச் சொல்ல நான் கூசவில்லை, நீங்கள் நம்பாவிட்டாலும் சரி.

அந்த வாரம் ஆளனுப்பி என்னை மேலே வரச்சொன்னார். பக்கத்து மெஷினில் என் மச்சினன் தூங்கிக்கொண்டிருந்தான்.

“தம்பி, நாலாவது குறிப்புல பிழை ஒண்ணும் இல்ல. அர்த்தம்தான் பிடிபடல. மறைச்ச ஆளு எங்க போவான்?”

“எங்கயும் போகமாட்டார் சார். அங்கயேதான் இருப்பார். மத்தவங்க கண்ணுக்குத் தெரியமாட்டார்.”

“தன்மேல திரை விழுந்திருக்குன்னு அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது சார். வரிசையில முதல்ல நிக்கிறதாத்தான் நெனச்சுக்கிட்டு இருப்பார்.”

“அட பாவமே” என்று சிரித்தார். “அப்ப இதையும் குறிப்புல சேர்த்துடுங்க தம்பி. இல்லன்னா படிக்கிறவனுக்குப் புரியாது.”

சேர்க்கிறேன் என்று சொன்னேன். நல்ல ஆலோசனைதானே.

ஒன்பதாம் தேதி, புதன்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு ஒரு சிறுநீரகம் வருவதாகத் தகவல் வந்தது. அந்தப் பட்டியலைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர் அம்மா கணினியைத் திறந்தார். முதல் பெயராக என் மச்சினன் பெயர் இருந்தது. ஐந்து நிமிடத்தில் என் மனைவி போனில் அழுதாள். புரூஃப் சார் அப்போது மூன்றாம் மாடியில்தான் இருந்தார். அழைப்பு வந்தால் உடனே கிளம்ப இரண்டு வருடமாக மடித்துவைத்த பை அவர் காலடியில் இருந்தது.

மச்சினனை அறுவை அறைக்குக் கொண்டுபோக ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகும் என்றார்கள். திரையை எடுக்க ஒரே ஒரு கட்டளை வரி போதும். அதைத் தட்டச்சு செய்தேன். செய்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இரண்டு டம்ளர் குடித்தேன். திரும்பி வந்து அந்த வரியை அழித்தேன். பத்தொன்பது வருடத்தில் நான் அழித்தது அது ஒன்றைத்தான்.

புரூஃப் சார் தன் ரத்தம் அந்தச் சிறுநீரகத்துக்குப் பொருந்தவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டார். மச்சினனைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, “முந்திக்கிட்டீங்களே” என்று கேலி செய்தார்.

பிறகாவது திரையை எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்திருந்தால், நேற்று இல்லாத பெயர் இன்று முதலில் எப்படி வந்தது என்று கேள்வி வரும். தவிர, பராமரிப்பு ஞாயிறு அல்லாத நாளில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்பது என் ஐந்தாவது குறிப்பு. திரை போட்டது செவ்வாய்க்கிழமை என்பது எனக்கும் நினைவிருக்கிறது. இருபதாம் தேதி அதே ரத்த வகையில் இன்னொரு சிறுநீரகம் வந்தது. அது மூன்றாவதாக இருந்த ஒரு தையல்காரருக்குப் போயிற்று. அந்தத் தையல்காரர் எனக்கு உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. நான் பாரபட்சம் பார்க்காதவன் என்பதற்காக இதைக் குறித்துவைக்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி, ரத்தக் குழாயில் கிருமி தொற்றி, புரூஃப் சார் இறந்துபோனார். முதல் தேதியன்று சுற்றறிக்கையில் அவர் சொன்ன வாக்கியத்தைச் சேர்த்து அனுப்பினேன். சுவரில் அப்படியே இருக்கிறது, யாரும் கிழிக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. உண்மையாகவே வந்தது.

அகப்பட்ட கதை சின்னது. இறந்தவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்காக ஒருங்கிணைப்பாளர் அம்மா தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. என் அறைக்கு வந்தார்.

“பூட்டு சார், புரூஃப் சார் பேரே லிஸ்ட்ல இல்லையே?”

இல்லை என்று நானும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று என் அறையில் அதிர்ந்துகொண்டிருப்பேன். ஆனால் என் மெஷின் விடிந்தது முதல் உரிமையாளர் கணக்கில்தான் திறந்திருக்கும். பத்தொன்பது வருடப் பழக்கம். தகவல் தொலைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் எனக்கு மானம் போன மாதிரி.

“ஏன் இல்ல? இங்க பாருங்க, முதல் ஆளா இருக்காரு” என்று கணினித் திரையைத் திருப்பிக் காட்டினேன்.

அவர் என் திரையைப் பார்த்தார். தன் அறைக்குப் போய்த் தன் திரையைப் பார்த்தார். திரும்பி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

ஆகவே, ஐயா, ஒப்புக்கொள்கிறேன். திரை போட்டது நான், தெரிந்தே போட்டேன், யாருக்காக என்பதும் தெரிந்தே போட்டேன். மனைவிக்கும் மச்சினனுக்கும் எதுவும் தெரியாது. அவன் இப்போது நேராகப் பெரிய சொம்பிலேயே தண்ணீர் குடிக்கிறான், அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புரூஃப் சாரின் வரி இன்னும் ‘காத்திருக்கிறார்’ என்றே இருப்பதாகவும், நானே இறந்த தேதியைப் பதிந்து பட்டியலைச் சரிசெய்துவிடும்படியும் உங்கள் உதவியாளர் நேற்றுக் கேட்டார். உரிமையாளர் கணக்கின் கடவுச்சொல்லைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், வேறு யாரையாவது வைத்துச் செய்துகொள்ளுங்கள். நோயாளியின் தகவலில் கை வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை.