எண்ணூறு மூடைக்குக் கீழ ஒரு கிலோ

மறுகா ஒருக்கா வெய்ங்க, முதல் வெச்சது... முதல் வெச்சது என்னமோ எண்டு வாப்பா சொல்லுவார் அண்ணன். மிச்சம் நெனவில்ல. இந்தா, இந்தத் தூணுக்குப் பக்கத்திலதான் பெரிய தராசு நிண்ட. வாப்பா இந்த நெல்லு மில்லில நிறுவைக்கு நிண்டவர். மூடைக்கு மூடை அதத்தான் சொல்லுவார். கேட்டுக் கேட்டு நமக்குக் காதில ஏறாமப் போயிட்டு. இப்ப மூணு நாளா யோசிக்கன், அந்த மிச்சச் சொல்லு வருகுதில்ல.

இல்ல இல்ல, அதத் தொடாதீங்க. நம்மட சின்னத் தராசுதான். பச்ச லைட் எரியட்டும், அப்படியே கிடக்கட்டும். நீங்க இரிங்க. வினாயகபுரத்தில இருந்து பஸ்ஸில வந்து, காரைதீவுச் சந்தியில இறங்கி, ஓட்டோ பிடிச்சி, இந்த வெயிலுக்குள்ள. பிளேன்டீயக் குடிங்க. இஞ்சி கூடிப் போச்சா? மில்லுக்காரங்க லுஹர் தொழுதிட்டுச் சாப்பிடப் போயிருக்காங்க, மெசின் நிக்கிது. மச்சான் றஸாக்கிட மில்தானே, மூணு மணி வரைக்கும் நமக்கு விட்டிருக்கார்.

ஓம், தெரியும். ரெண்டரைக்கு லைவ் எண்டு நேத்தே நீங்க போட்டுட்டீங்க. சிலோன் மில் பரிசோதனை திருப்பிச் செஞ்சி காட்டப்படும் எண்டு. குறூப்பில இரிக்கிற பதினோராயிரம் பேருக்கும் போயிருக்கு. கெனடாவில அந்தப் பல்லு டொக்டர் விடியக் காலையில எழும்பிப் பாக்கிறாராம். வருசக் கூட்டத்தில நம்மடதான் முதல் வீடியோ எண்டு எழுதியிருக்கார். எல்லாம் தெரியும். அரை மணித்தியாலம் பொறுங்க. சேர் எண்டு மட்டும் சொல்லாதீங்க. நீங்க எனக்குப் பத்து வயசு மூப்பு. நல்லரெத்தினம் அண்ணன் எண்டுதானே நான் கூப்பிடுறன்.

ஏன் பொறுக்கணும் எண்டா, சொல்றன். அதுக்கு முந்தி, நான் எப்படி இதுக்குள்ள வந்த எண்டு உங்களுக்குச் சொன்னதில்ல என்ன? குறூப்பில சொன்ன கதை வேற. அதில நான் சின்ன வயசில இருந்தே நியூட்டனச் சந்தேகப்பட்ட ஆள். சும்மா. கல்முனையில ஓ.எல். வரைக்கும் தமிழில படிச்ச. மறுகா கொழும்பில மாமா வீட்டில நிண்டு ஏ.எல். இங்கிலீசில. பௌதிகம் எனக்கு உயிர். ஆனா கேள்விய மனசுக்குள்ள தமிழில கட்டி, இங்கிலீசில எடுத்து வெக்கணும். ஒரு நாள் எழும்பிட்டன். பூமி இழுக்குது எண்டா என்னத்தால இழுக்குது, இடையில என்ன கிடக்கு எண்டு கேக்கத்தான் வெளிக்கிட்ட. வசனம் பாதியில நிண்டுட்டு. முன்னுக்கும் போகல்ல, பின்னுக்கும் வரல்ல. முப்பது பேர் சிரிச்ச. சேரும் சிரிச்ச. கெட்டவரில்ல அவர், சிரிப்பு வந்துட்டு. நான் இருந்துட்டன். அதுக்குப் புறகு பௌதிகத்தில ஒரு கேள்வியும் யாரிட்டயும் கேக்கல்ல. சோதினையும் சரிவரல்ல.

புறகு கட்டார். கொங்கிறீட் சோதிக்கிற லெப் ஒண்டில பதினாலு வருசம். கல்லக் கொண்டு வருவாங்க, மண்ணக் கொண்டு வருவாங்க. நிறுக்கிற, எழுதுற, நிறுக்கிற, எழுதுற. நாப்பது வயசிலதான் போனுக்குள்ள இந்த ஆக்கள் ஆப்பிட்டாங்க. பல்லு டொக்டர், பிறேசிலில லிப்ட் திருத்துற ஒராள், போலந்தில கப்பலில இருந்து பென்சன் எடுத்த ஒராள். இன்னும் கணக்கப் பேர். ஆளுக்கொரு தியறி. ஒருத்தர்ட தியறிய மத்தவர் வாசிக்கிறல்ல, சத்தியமாச் சொல்றன், இந்த எட்டு வருசத்தில ஒருத்தரும் மத்தவர்ட கட்டுரைய கடைசி வரைக்கும் வாசிச்சதில்ல. ஐன்ஸ்டைன் பிழை எண்டதில மட்டும் எல்லாரும் ஒத்தும. பெரிய சஞ்சிகைகளுக்கு எழுதி அனுப்புவாங்க, திரும்பி வரும். திரும்பி வந்த கடிதத்தப் படமெடுத்துப் போடுவாங்க. பயந்துட்டாங்க, அதான் திருப்பியிருக்காங்க எண்டு நூறு பேர் கை தட்டுவாங்க. சிரிக்காதீங்க, நானும் ஒண்டு போட்டிருக்கன். அதுக்கு இதயம் போட்டது நீங்க.

ஆனா நல்ல ஆக்கள் அண்ணன். அதுதான் கஸ்டமே. என்ட பிழைப்பிழையான இங்கிலீசுக்கு ஒருத்தரும் சிரிக்கல்ல. சிலோனில இருந்து நம்மட நண்பர் நல்ல கேள்வியொண்டு கேட்டிருக்கார் எண்டு தொடங்கித்தான் பதில் எழுதுவாங்க. கொழும்பு வகுப்பில இருந்தவன் இருபத்திரெண்டு வருசத்துக்குப் புறகு எழும்பின மாதிரி. அந்த ஒரு மரியாதைக்காக அவங்க என்ன சொன்னாலும் நம்ப நான் ரெடியா இருந்த.

ஊருக்கு வந்து குறூப்பத் தொடங்கினதும் அந்தத் துணிவிலதான். பல்லு டொக்டர்ட தியறிக்கு அமுக்கத் தத்துவம் எண்டு தமிழில பேர் வெச்சது நான். ஒண்டும் ஒண்ட இழுக்கிறல்ல, மேல இருந்து வெளி அமுக்குது, கடலுக்கு அடியில தண்ணி அமுக்குற மாதிரி, அதான் பாரம். நீங்க அண்டைக்கு எழுதின இன்னும் என்ட போனில கிடக்கு. நான் எட்டாம் வகுப்பு, போட் எஞ்சின் திருத்துறவன், எஞ்சினியர்மார் என்னக் கண்டா மனிசனா மதிக்கிறல்ல, எனக்கும் விளங்குற மாதிரி உலகத்த ஒராள் சொல்லிட்டார் எண்டு. அத வாசிச்சி நான் அழுத.

கேள்வி கேக்கிறாக்களுக்கு என்ன சொல்லணும் எண்டும் பல்லு டொக்டர் ஒரு பட்டியல் தந்தவர். கேள்விக்குப் பதில் சொல்லாதே, கேட்டவன யார் அனுப்பினதெண்டு கேள். கணக்குக் கேட்டா, கணக்கு அவங்கட ஆயுதம் எண்டு சொல்லு. தனிய வந்தா நாலு பேர் சேந்து பதில் எழுதுங்க. நான்தான் அதத் தமிழாக்கி மேல ஒட்டி வெச்ச. நல்ல தமிழ். ரெண்டு பாசையும் படிச்சதுக்கு நான் கண்ட பலன் அது.

மறுகா போன வருசம் அந்த வீடியோ. இந்தா, நமக்கு மேல இரிக்கிற தட்டில எண்ணூறு மூடை நெல்லு. மேல இருந்து வாற அமுக்கத்த அந்த நெல்லு கொஞ்சம் மறிக்கும், அப்ப கீழ பாரம் குறையணும். சின்னப் புள்ளைக்கும் விளங்கும். வாப்பாட ஒரு கிலோப் படிக்கல்லு. உள்ளுக்கு வெச்சன், தொளாயிரத்துத் தொண்ணூத்தொம்பதரை கிராம். வெளிய முத்தத்தில வெச்சன், ஆயிரம். அரை கிராம் வித்தியாசம். பல்லு டொக்டர் இங்கிலீசு எழுத்துப் போட்டு உலகமெல்லாம் விட்டார். இப்ப அவங்க எழுதுற எல்லாத்திலயும் அடியில என்ட பேர் வருகுது. பள்ளிக்குத் தொழப் போனா, விஞ்ஞானி வாறார், வழி விடுங்க எண்டுவாங்க. பகிடிக்குத்தான். ஆனா எனக்கு உள்ளுக்குள்ள இனிச்ச.

அந்த வீடியோ போட்டு மூணாம் நாள் ஒரு புள்ள எழுதின. மர்ஷூதா. நெனவிரிக்கா? ஓம், அவதான். மருதமுனை, கைத்தறி நெய்யிற குடும்பம், பௌதிகம் படிப்பிக்கிறா. சொந்தப் பேரில, சொந்தப் படத்தோட வந்து, அண்ணனக் கூப்பிடுற மாதிரி நானா எண்டு எழுதின. நானா, ஸலாம், நல்ல முயற்சி, ஒரு சின்னக் கேள்வி. நீங்க முதல்ல உள்ளுக்கு நிறுத்து, புறகு வெளிய நிறுத்திருக்கீங்க. மாத்தி, முதல்ல வெளிய நிறுத்து, புறகு உள்ளுக்கு நிறுத்தா என்ன வருகுது? அவ்வளவுதான். சண்டையில்ல, நக்கலில்ல.

அதுக்கு நீங்க எழுதினதும் நெனவிரிக்கும். குத்தமாச் சொல்லல்ல அண்ணன், இரிங்க. தங்கச்சி, நீங்க உலைக்கு அரிசிய நிறுத்துப் போடுங்க, உலகத்த நாங்க நிறுக்கிறம். நல்ல பகிடி, இல்லெண்டல்ல. குறூப்பே விழுந்து சிரிச்ச. நானூறு பேர் சிரிச்ச மூஞ்சி போட்டிருக்காங்க. அதில முதல் மூஞ்சி என்டதான். போய்ப் பாருங்க, இன்னும் அங்கதான் கிடக்கு. புறகு ஒவ்வொருத்தரா வந்தாங்க. யார் அனுப்பின ஆளு, படிச்ச திமிரு. அவட படத்த எடுத்து ஒராள் குறுக்கால கோடு போட்டான். படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தத் தேடிப் பிடிச்சி, அங்க நம்மட புள்ளைகள அனுப்பலாமா எண்டு இன்னொராள். நான் ஒண்டையும் அழிக்கல்ல. ஆறாம் நாள் அவவத்தான் குறூப்பில இருந்து எடுத்துப் போட்ட.

ஓம், குழப்ப வந்தவ எண்டுதான் உங்களுக்குச் சொன்ன.

இந்தா, ட்ரெக்டர் ஒண்டு வருகுது. இந்தச் சத்தம் போகட்டும்.

போன கிழமை கல்முனையில மருந்துக் கடையில நிக்கன், பின்னால நானா ஸலாம் எண்டு கேக்கிது. திரும்பினா அவ. கையில சின்னப் புள்ள. ஏசப் போறா எண்டு நெனச்ச, ஏசட்டும் எண்டும் நெனச்ச. அவ கேட்டது, அப்ப மாத்தி நிறுத்துப் பாத்தீங்களா நானா? குறூப்பில இருந்து எடுபட்டதால பதில் பாக்கக் கிடைக்கல்ல, என்ன வந்ததெண்டு இன்னும் யோசினைதான் எண்டா. முகத்தில கோபத்தத் தேடித் தேடிப் பாத்தன் அண்ணன். இல்ல. அறியிற ஆசை மட்டும்தான். நான் சொன்ன, நேரம் கிடைக்கல்ல தங்கச்சி, பாக்கன் எண்டு. பாத்தாச் சொல்லுங்க, என்ட வகுப்புப் புள்ளைகளும் கேட்டுக் கொண்டிருக்காங்க எண்டுட்டுப் போயிட்டா. நான் உம்மாட மருந்து வாங்காமலே வீட்ட வந்துட்டன்.

பச்ச லைட்டா? ஓம், அதுக்குத்தான் வாறன். லெப்பில காலைல போனா முதல் வேல தராசப் போடுற. போட்டிட்டு அரை மணித்தியாலம் அதுக்குக் கிட்டப் போறல்ல. உள்ளுக்குச் சூடாகணும். சூடாகும் மட்டும் எண் கொஞ்சம் கொஞ்சமா ஏறிக் கொண்டிருக்கும். உங்கட எஞ்சினும் அப்படித்தானே, போட்ட உடனே ஒரு சத்தம், சூடானா வேற சத்தம். எது உண்மையான சத்தமெண்டு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? பதினாலு வருசம் ஒவ்வொரு காலையும் நான் செஞ்ச வேல இது. வீடியோ எடுத்த அண்டைக்கு மட்டும் செய்யல்ல. மறந்தேனா, மறக்க ஆசப்பட்டேனா, அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். முதல்ல வெச்ச இடத்தில குறையும், புறகு வெச்ச இடத்தில கூடும். நெல்லும் இல்ல, வானமும் இல்ல.

ஊகமில்ல. போன வருசம் அவ குறூப்பில காலைல எழுதிக் கேட்டா, அண்டைக்கே பின்னேரம் அஸர் தொழுதிட்டு இஞ்ச வந்து மாத்தி நிறுத்துட்டன். வெளிய குறஞ்சிது, உள்ளுக்குக் கூடிச்சி. மறுகா தராச எரியவிட்டு அரை மணித்தியாலம் இருந்து நிறுத்தன். ரெண்டும் ஒண்டு. படிக்கல்லக் கையில வெச்சிக்கு, இப்ப நீங்க இரிக்கிற வாங்கிலதான் இருந்த. அப்பதான் போன் அடிச்சிது. பாத்தா உங்கட பகிடி வந்திருக்கு.

நீங்க தெரியாம எழுதின. நான் தெரிஞ்சிதான் சிரிச்ச.

இல்ல, நீங்க எழும்பிப் போறெண்டாப் போங்க, நான் ஒண்டும் நெனைக்க மாட்டன். ஏசுறெண்டா ஏசுங்க. ஒரு வருசத்துக்கு மேல உங்கள மாதிரி ஒரு மனிசன நான் பஸ்ஸில ஏத்தி இறக்கியிருக்கன். இந்த வாயால உங்களுக்கு எத்தின வகுப்பு எடுத்திருப்பன். போன வாரமும் அந்தப் புள்ளைக்குப் பொய்தான் சொன்ன, யாரும் சொல்லித் தராமலே, மருந்துக் கடைக்கார றினாஸ் பாத்துக் கொண்டு நிக்க. பல்லு டொக்டர்ட முகத்துக்கு என்னால சொல்ல ஏலும், அவர் தூரத்தில. உங்கட முகத்தப் பாத்துச் சொல்லத்தான் மூணு நாள் எடுத்த.

டீ ஆறிப் போச்சு, விடுங்க. மணி என்ன? ரெண்டு இருபத்தெட்டு. தராசு போட்டு அரை மணித்தியாலத்துக்கு மேலயாகுது. இப்ப எண் அசையுதில்ல, பாருங்க.

மர்ஷூதாவக் காலைலயே குறூப்பில திருப்பிச் சேத்திட்டன். பாக்கிறாவோ இல்லயோ.

போனத் தாங்க அண்ணன். நீங்க பிடிக்கிறெண்டாப் பிடிங்க, இல்லாட்டி அந்தத் தூணில சாத்தி வெக்கன். முதல்ல வெளிய நிறுக்கிறன், புறகு உள்ளுக்கு.